கோட்டில்லாமல் வந்த தந்திக்காரர்

மூதூர்க் கரைக்கு லோஞ்சிப் படகு வந்து மூன்று நாளாயிற்று. வாடைக்காற்று கொட்டியாரக் குடாவை அடிமண் தெரியக் கலக்கிவிட்டிருந்தது. அக்கரையில் திருகோணமலைத் துறைமுகம் இருந்த இடத்தில் சாம்பல் நிறம் மட்டும் இருந்தது. லோஞ்சி வராவிட்டால் தபாற்பை வராது. தந்திக்கு அந்தக் கவலை இல்லை. அது கம்பியில் வரும். கம்பியில் வந்ததை வீட்டு வாசல்வரை கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பாக்கியரத்தினத்தின் உத்தியோகம். மூதூர் தபால் கந்தோரிலிருந்து தெற்கே வெருகல்வரை, எந்த ஊருக்குத் தந்தி வந்தாலும் அவருடைய சைக்கிள்தான் போக வேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமை அவர் லீவு எடுத்திருந்தார். விடிந்து கொஞ்ச நேரத்துக்குள் முகம் வழித்து, குளித்து, தன்னிடமிருந்த உடுப்புகள் எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பிவைத்துவிட்டு முன்னால் நின்றார். பரப்புவதற்கு அதிகம் இருக்கவில்லை. சங்கக்கடையில் துணிக்கு வரிசை நிற்கிற காலம். ஒரு வெள்ளை வேட்டி. தீபாவளிக்குத் தைத்து இன்னும் போடாத வெள்ளைச் சட்டை. இரண்டு சாரம், அதில் ஒன்று கிழிந்தது. கந்தோர்க் காக்கி. கதவுக்குப் பின்னால் ஆணியில், ஒரு ஆள் தலை குனிந்து நிற்பதுபோல, மழைக்கோட்டு தொங்கியது.

தகரக் கூரையில் மழை இரைந்தது. ஈச்சிலம்பற்றுக்குப் போக வேண்டும். நல்ல வெயில் நாளிலேயே சைக்கிளில் அரைநாள் பிடிக்கும். தோப்பூருக்கு அப்பால் றோட்டில் வெள்ளம் பாய்கிறது, பஸ் இல்லை என்று நேற்றே கதை வந்துவிட்டது. இன்றைக்குப் போகாமல் விட்டால் நாளையோடு கார்த்திகை முடிந்துவிடும். மார்கழியில் கலியாணக் கதை எடுக்க மாட்டார்கள்.

அந்த மழைக்கோட்டு அரசாங்கம் கொடுத்தது. காக்கித் துணியின் உட்புறம் றப்பர் பூசி, முழங்காலுக்குக் கீழே இறங்கும். எவ்வளவு மழையிலும் ஒரு பொட்டுத் தண்ணீர் உள்ளே போகாது. அதன் முதுகில் தந்தி என்று எழுதியிருக்கவில்லை. எழுதத் தேவையும் இருக்கவில்லை. அந்தப் பக்கத்து ஊர்களில் பிள்ளை பிறந்தால் கடிதம் போடுவார்கள், வேலை கிடைத்தால் நேரில் வந்து சொல்வார்கள். தந்தி அடிப்பது சாவுக்கு மட்டும்தான். அந்தக் கோட்டு தெருமுனையில் தெரிந்தால் பெண்கள் அடுப்பை விட்டு வெளியே வருவார்கள். பிள்ளைகள் வெளியூரில் இருக்கிற வீடுகளில் கை தானாக நெஞ்சுக்குப் போகும்.

இதற்காகவே அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். தந்தி இல்லாத வீடுகளைக் கடக்கும்போது சைக்கிள் மணியை விடாமல் அடித்துக்கொண்டு போவார். உங்களுக்கில்லை, பயப்படாதேயுங்கள் என்று அதற்கு அர்த்தம். தந்தி எந்த வீட்டுக்கோ, அதற்குக் கொஞ்சத் தூரம் முன்பே மணியை நிறுத்திவிட்டு, இறங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டு நடப்பார். சாவை ஓடிக்கொண்டு கொண்டுபோகக் கூடாது என்று அவருக்குத் தோன்றியதில் தொடங்கிய பழக்கம். நாளடைவில் ஊர்கள் அதைப் படித்துக்கொண்டன. தந்திக்காரர் மணியடித்தால் மூச்சு வரும். அவர் நடந்தால் யாரோ போய்விட்டார்கள்.

"என்ன தம்பி, கடை விரிச்சிரிக்கிறீங்க? ஏலம் போடவா?"

சரீப் நானா வாசலில் நின்றார். முன்பக்கத்தில் சைக்கிள் திருத்தும் கடை அவருடையது. பின்னால் இருந்த இந்த அறையையும் அவர்தான் வாடகைக்குக் கொடுத்திருந்தார்.

"எதைப் போடுறதெண்டு பாக்கிறன் நானா."

"இதில என்ன பார்வை? கோட்டைப் போடுங்க. மாரிக்கெண்டுதானே கவர்மெண்டு தந்திரிக்கு."

பாக்கியரத்தினத்தின் கை கோட்டுப் பக்கம் போகவில்லை. சரீப் கோட்டைப் பார்த்தார், பிறகு அவருடைய முகத்தைப் பார்த்தார். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "ஓம், அதுவும் சரிதான்," என்றார். "பொண்ணு கேட்டுப் போற வீட்டை மையித்து விழுந்த வீடாக்கிப் போடுவீங்க. என்ட உம்மா ஆஸ்பத்திரியில கிடந்த நேரம், நீங்க அந்தக் கோட்டோட வேலை முடிஞ்சு உள்ளுக்கு வந்தாலே எனக்கு நெஞ்சிடிக்கும். ஒரே வளவுக்குள்ள இருக்கிற எனக்கே."

"நீங்கள் அதை ஒருநாளும் சொல்லேல்லையே."

"சொன்னா நீங்க நனைஞ்சுகொண்டு வருவீங்க. அதான்."

சரீப் திரும்பிப் போய்த் தன் வீட்டு அலுமாரிக்குள்ளிருந்து ஒரு கறுத்த எண்ணெய்க் கோட்டைக் கொண்டுவந்தார். வெள்ளைக்காரக் கப்பற்படை திருகோணமலையை விட்டுப் போன வருஷம் ஏலத்தில் எடுத்தது. பாக்கியரத்தினம் போட்டுப் பார்த்தார். கைகள் விரல்களை மூடின. கீழ்விளிம்பு நிலத்தைக் கூட்டியது. சைக்கிளில் ஏறினால் முதல் மதகுக்கு முன்னமே சங்கிலி அதைத் தின்றுவிடும்.

"கழட்டுங்க, கழட்டுங்க. கடலால கரையொதுங்கின ஆளெண்டு பொலிசுக்கு அறிவிச்சிடுவாங்க."

குடையைப் பற்றியும் கதைத்தார்கள். வாடைக்காற்றில் ஒரு கையால் குடையும் மறு கையால் சைக்கிளுமாய் அவ்வளவு தூரம் போக ஏலாது. வயற்காரர்கள்போல உரப்பை ஒன்றை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போகலாம். ஆனால் முதன்முதல் முகம் காட்டப் போகிறவன் யூரியாப் பையோடு போய் நிற்பதா? ஒன்றும் போடாமல் நனைந்துகொண்டு போகலாம். போய்ச் சேரும்போது கோழி நனைந்தமாதிரி நடுங்கிக்கொண்டு நிற்க வேண்டும்.

கடைசியில் அவர் இரண்டாகப் பிரித்தார். ஆற்றுத்துறைவரை பழைய சாரமும் பெனியனும், அதன்மேல் கந்தோர்க் கோட்டு. வேட்டியும் சட்டையும் உரப்பைக்குள் கட்டிப் பின் கரியரில். துறையைத் தாண்டியதும் கோட்டைக் கழற்றிவிட்டு வெள்ளையை உடுப்பது. அதற்குப் பிறகு உள்ள தூரத்துக்கு மழை இரங்க வேண்டும்.

"துறைக்கு அங்கால மழை பெய்தா?" என்று சரீப் கேட்டார்.

"பெய்யாது."

"தந்தி வந்ததா?"

இருவரும் சிரித்திருக்கலாம். சரீப் மட்டும் சிரித்தார்.

ஈச்சிலம்பற்றுக்கு அவர் முன்பும் போயிருக்கிறார். எல்லாம் தந்தியோடு. போன மாரியிலும் அப்படித்தான் போனார். ஒரு கடற்றொழிலாளியின் வீடு. கடதாசியை வாங்கிய கை அதைக் கசக்கிக்கொண்டு விழுந்தது. அந்த வளவில் எழுந்த சத்தத்துக்குள் அவர் ஒருவர் நிற்பதை எல்லோரும் மறந்துபோனார்கள். அது புதிதல்ல. அப்படியான வீடுகளில் அவருக்கு யாரும் கதிரை போட்டதில்லை, தண்ணீர் தந்ததில்லை. தருவார்கள் என்று எதிர்பார்ப்பதும் மனிதத்தனமில்லை. தோளில் தந்திப்பையோடு, கையெழுத்து வாங்குவதற்காக வேலியோரம் நின்றுகொண்டிருந்தார். கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது.

பக்கத்து வளவிலிருந்து ஒரு பெண் வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். செத்தவீட்டுக்குப் போகிற அவசரத்தில் வந்தவள் அவரைக் கண்டு நின்றாள். திரும்பிப் போனாள். ஒரு கோப்பையோடு வந்தாள்.

"குளிருக்குள்ள நிக்கிறீங்கள். இதைக் குடிச்சிட்டு நில்லுங்கோ. நான் கையெழுத்து வாங்கித் தாறன்."

தேத்தண்ணியில் சீனி போட்டிருந்தது. கூப்பனுக்குக் கிடைக்கிற சீனியை நோயாளிக்கும் குழந்தைக்கும் ஒளித்துவைத்துக் கொடுக்கிற நாட்களில், முன்பின் தெரியாத ஒருவனுக்கு, சாவைக் கொண்டுவந்தவனுக்கு, அவள் சீனி போட்டிருந்தாள். வரும் வழியெல்லாம் அவருக்கு நாக்கில் அது இருந்தது. வந்தபிறகும் இருந்தது. அறைக்குள் தனியே வெறும் தேத்தண்ணியைக் குடிக்கும் நேரங்களில் எல்லாம், குறையாய் இருப்பது சீனி மட்டுமல்ல என்று அவருக்குத் தெரிந்தது.

அவள் பெயர் கோணேஸ்வரி என்று பிறகு ஸைனுலாப்தீன் சொன்னார். ஸைனுலாப்தீன் ஆற்றுத்துறையில் பாதை இழுக்கிறவர். பாதை என்பது இரும்புப் பீப்பாக்களின்மேல் பலகை அடித்த மிதவை. இரு கரைக்கும் கட்டிய கம்பியைப் பிடித்து அதை இழுத்து ஆட்களையும் வண்டிகளையும் அக்கரை சேர்ப்பார். ஊர்களின் கதைகளும் அந்தப் பாதையில்தான் கரைமாறும். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பப் பாக்கியரத்தினத்துக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் பிடித்தது. பதில் ஒரு கிழமையில் வந்துவிட்டது. கோணேஸ்வரியின் தாய் இலட்சுமி சொல்லியனுப்பியிருந்தாள்: கார்த்திகை முடியமுந்தி ஒரு வெள்ளிக்கிழமையாய்ப் பார்த்து வந்து முகத்தைக் காட்டச் சொல்லுங்கோ. மார்கழியில் நான் ஒண்டும் கதைக்க மாட்டன். தையில் மகன் யோகராசா கொழும்பிலிருந்து வந்து வேறு இடம் பார்க்கப் போறான்.

முதல் மூன்று வெள்ளிக்கிழமையும் லீவு கிடைக்கவில்லை. இது கடைசி வெள்ளி. பெண்ணுக்குத்தான் வீடு, வருகிற மாப்பிள்ளை அங்கே போய் இருப்பதுதான் அந்தப் பக்கத்து வழக்கம். ஒரு வீட்டுக்குள், இது யார் என்று யாரும் கேட்காமல், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போவது எப்படியிருக்கும் என்று அவர் நினைத்துப் பார்ப்பதுண்டு. நினைப்பு வாசற்படிவரைதான் போகும்.

சாலை மழைக்குள் போய்க்கொண்டேயிருந்தது. இரண்டு பக்கமும் வயல்கள் வெள்ளத்தின்கீழ் கிடந்தன. வரம்புகளில் கொக்குகள் கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு நின்றன. கோட்டுக்குள் அவர் காய்ந்திருந்தார், ஆனால் மழையின் சத்தம் முழுவதும் அந்த றப்பரில் விழுந்து, ஒரு சிறு அறைக்குள் அடைபட்டுச் சைக்கிள் ஓட்டுவதுபோல இருந்தது. தோப்பூர்ச் சந்தையில் அவரைக் கண்டதும் சாக்குகளின் கீழ் ஒதுங்கியிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அவர் மணியை அடித்தார். அடித்துக்கொண்டே போனார்.

"தந்தியார், ஆருக்கு?" என்று கடைக்குள்ளிருந்து ஒருவர் கேட்டார்.

"ஒருத்தருக்கும் இல்லை. சும்மா போறன்."

"சும்மாவா? இந்த மழையிலயா?"

கேட்டவர் அதை நம்பவில்லை என்பது குரலில் தெரிந்தது. கடைக்காரர் வெளியே வந்து, சைக்கிள் வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். பாக்கியரத்தினத்துக்கு அது முதுகில் தெரிந்தது.

துறையை அடைந்தபோது மழை மெலிந்து தூறலாகி, தூறலும் நின்றது. ஆறு நிறம் மாறி மரக்கிளைகளை இழுத்துக்கொண்டு ஓடியது. ஸைனுலாப்தீன் கம்பியைப் பிடித்து இழுத்தபடி அவரைப் பார்த்துத் தலையாட்டினார். பாதையில் வேறு யாரும் இல்லை.

"நான் நினைச்சன் வரமாட்டீங்க எண்டு. இந்தத் தண்ணியில ஆனையும் வராது."

"வாறனெண்டு சொன்னனான்தானே."

"சொன்னீங்க, சொன்னீங்க." கொஞ்ச நேரம் கம்பி மட்டும் கிறீச்சிட்டது. "அந்தப் புள்ள உங்களப் பத்தி ஒரு கேள்வி கேட்டுது. சொல்லட்டா, வேணாமா?"

"சொல்லுங்கோ."

"தந்தியார் சிரிப்பாரா எண்டு கேட்டுது."

பாக்கியரத்தினம் ஆற்றைப் பார்த்தார். "நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"நான் கண்டதில்ல, விசாரிச்சுச் சொல்றன் எண்டன்."

அக்கரையில் ஸைனுலாப்தீனின் ஓலைக் கொட்டிலுக்குள் அவர் உடை மாற்றினார். உரப்பைக்குள் வேட்டி காய்ந்திருந்தது. சட்டையில் மடிப்புக்கோடு அப்படியே இருந்தது. கூரை தாங்கிய மரக் கப்பில் ஒரு துண்டுக் கண்ணாடி செருகியிருந்தது. அதில் ஒரு நேரத்துக்கு ஒரு கன்னம்தான் தெரியும். அவர் அதன் முன்னால் நின்று உதடுகளைக் கொஞ்சம் விரித்தார். அது சிரிப்பா என்று நிச்சயமாகத் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் விரித்தார். தந்தி நீட்டும்போது வைத்திருக்கிற முகம் ஒன்று அவருக்கு உண்டு, எந்தப் பக்கமும் சாயாத முகம். அத்தனை வருஷமும் அதையே வைத்திருந்ததில், மற்ற முகங்கள் எங்கே போய்விட்டன என்று தேட வேண்டியிருந்தது.

கோட்டை மடித்து ஸைனுலாப்தீனிடம் கொடுத்தார். சாரத்தையும் கொடுத்தார்.

"கோட்டை வச்சிட்டுப் போறீங்களா? வடக்கால பாருங்க அண்ணன், கறுத்து வருது."

"வந்தால் வரட்டும்."

"நனைஞ்ச மாப்பிள்ளையும் நல்லதுதான். மழை ரஹ்மத்து, அல்லாஹ்ட கருணை." அவர் கோட்டை வாங்கிக் கைநீட்டி எட்டத்தில் பிடித்துக்கொண்டார். அதை மார்போடு அணைத்துப் பிடிக்க அவருக்கும் மனம் வரவில்லை.

கொஞ்சத் தூரம் நன்றாகவே போயிற்று. காற்று சட்டைக்குள் புகுந்தது. கோட்டில்லாமல் இந்த வழியில் போவது அவருக்கு அதுதான் முதல் தடவை. எதிரே மாடுகளைச் சாய்த்து ஓட்டிக்கொண்டு வந்த ஒரு மனிதன் அவரை அடையாளம் தெரியாமல், "மழை வருது, கெதியாய்ப் போங்கோ," என்று சொல்லிவிட்டுப் போனான். அந்த வார்த்தையை அவர் வெகுதூரம் வைத்துக்கொண்டிருந்தார். ஒரு ஆளுக்கு ஒரு ஆள் சொல்லுகிற சாதாரண வார்த்தை.

ஊருக்கு முன்னால் இருந்த மதகில் வெள்ளம் றோட்டை அறுத்துவிட்டிருந்தது. வேட்டியைத் தொடைக்கு மேலே சுருட்டிக்கொண்டு சைக்கிளைத் தள்ளினார். நடுவில் முன்சில்லு ஒரு பள்ளத்தில் இறங்கியது. அவர் விழவில்லை. சைக்கிள் விழுந்தது. கைபிடி சேற்றுக்குள் புதைந்து, இழுத்து நிமிர்த்தியபோது ஒரு பக்கம் முழுவதும் களிமண்ணாய் இருந்தது. மட்காட்டுக்கும் சில்லுக்கும் நடுவில் களி அடைந்து சில்லு உருள மறுத்தது. குச்சியால் கிளறிப் பார்த்தார். கிளறக் கிளற அடைந்தது. ஏறி ஓட்ட ஏலாது என்று தெரிந்தபின், வேட்டியை இறக்கி, அதில் சேறு படவில்லை என்று பார்த்துக்கொண்டு, சைக்கிளை அரைவாசி தூக்கியும் அரைவாசி இழுத்தும் ஊருக்குள் நடந்தார்.

முதல் வீட்டைக் கடக்கும்வரை அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவருடைய நினைவு முழுவதும் காட்டப்போகிற முகத்தில் இருந்தது. இரண்டாவது வீட்டு வேலிப் படலையில் ஒரு பெண் நின்றாள். அவரைப் பார்த்தாள், சைக்கிளைப் பார்த்தாள், அவருடைய கால்களைப் பார்த்தாள். அவளுடைய கை வாய்க்குப் போயிற்று.

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. தந்திக்காரர் நடந்து வருகிறார்.

மணியில் பெருவிரலை வைத்து அழுத்தினார். மணிக்குள் களிமண் இறுகியிருந்தது. பல் கடிப்பதுபோல ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான். திரும்பத் திரும்ப அழுத்தினார். வடக்கே கறுத்த மழை அந்த நேரம் ஊர்மேல் இறங்கியது.

"தந்தியார் வாறார். நடந்து வாறார்."

"கோட்டில்லாமல் வாறார் பிள்ளை. வெள்ளை உடுத்தி வாறார்."

"அப்ப சின்னச் சாவில்லை."

வேலிகளுக்கு அப்பால் குரல்கள் அவருக்கு முன்னால் ஓடின. ஒவ்வொரு படலையாக அவர் கடக்க, அந்தந்த வீட்டின் பயம் இறங்கி, அடுத்த வீட்டில் ஏறியது. கடந்த வீட்டுக்காரர்கள் பின்னால் சேர்ந்து வந்தார்கள். யாருக்கும் இல்லை என்று சொல்ல அவர் திரும்பினார். "இல்லை, நான்..." என்றார். தந்திக்காரர் வழியில் எதுவும் சொல்ல மாட்டார் என்பது ஊருக்குத் தெரியும். அதனால் ஒருவரும் காதில் வாங்கவில்லை.

கோணேஸ்வரியின் வளவுப் படலை திறந்திருந்தது. முற்றம் கூட்டித் தண்ணீர் தெளித்திருந்தார்கள், மழை அதன்மேல் பெய்துகொண்டிருந்தது. விறாந்தையில் ஒரு கதிரை, அதன்மேல் வெள்ளைத் துணி விரித்திருந்தது. அவருக்காகப் போட்ட கதிரை. அதைக் கண்டதும், முதுகுக்குப் பின்னால் ஊரே நிற்பதையும் மறந்து, பாக்கியரத்தினம் கொட்டிலில் பழகிய சிரிப்பைச் சிரித்தார்.

இலட்சுமி குசினிக்குள்ளிருந்து வந்தாள். வரப்போகிறவர் யாரென்று அவளுக்குத் தெரியும், காலையிலிருந்து எதிர்பார்த்துத்தான் இருந்தாள். ஆனால் அவள் கண்டது கலியாணம் பேச வந்தவரையல்ல. தந்திக்காரர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் ஊர் நின்றது. கொழும்பில் லொறி ஓட்டுகிற மகன் அவளுக்கு ஒருவன்தான்.

"என்ர யோகு," என்றாள். நிலத்தில் இருந்துவிட்டாள். அந்தச் சத்தம் வந்தது. அவர் எத்தனையோ வாசல்களில் கேட்டது. பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடிவந்து அவளைச் சுற்றி விழுந்தார்கள். "சாவைக் கொண்டுவந்து போட்டுச் சிரிக்கிறான் பார்," என்று யாரோ சொன்னார்கள்.

"தந்தி இல்லை," என்றார் பாக்கியரத்தினம். "தந்தி இல்லை அம்மா. நான்தான் வந்தனான்."

அந்த வார்த்தை ஒப்பாரிக்குள் விழுந்து மறைந்தது. திரும்பச் சொன்னார். நான்தான் என்பது யாருக்கு என்ன விளக்கும் என்று சொல்லும்போதே தோன்றியது. புதுச் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டிருந்தது. வேட்டியில் சேறு ஏறிக்கொண்டிருந்தது. கதிரையில் விரித்த துணியைக் காற்று தூக்கிக் கீழே போட்டது.

கோணேஸ்வரி உள்வாசலில் நின்றாள். அவள் அழவில்லை. அவருடைய கைகளைப் பார்த்தாள். தோளைப் பார்த்தாள். பிறகு தாயிடம் குனிந்து, சத்தமாய்ச் சொன்னாள்.

"அம்மா, அவரிட்டப் பையில்லை. தந்திப்பை இல்லை. பாருங்கோ. தம்பிக்கு ஒண்டும் இல்லை. அவர் எங்கட வீட்டுக்கு வந்தவர்."

ஒப்பாரி உடனே நிற்கவில்லை. ஓரத்திலிருந்து ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். கடைசியில் இலட்சுமி மட்டும் விக்கிக்கொண்டிருந்தாள். யாரோ சிரிக்கத் தொடங்கி அடக்கினார்கள். இலட்சுமி எழுந்து, கொண்டையை முடிந்துகொண்டு, அவரைப் பார்த்தாள். மகன் உயிரோடு இருக்கிறான் என்ற ஆறுதலும் கோபமும் ஒரே முகத்தில் இருந்தன.

"மணியை அடிச்சுக்கொண்டு வந்தால் என்ன?"

"மணிக்குள்ள சேறு போட்டுது."

"ஏறி வந்தால் என்ன?"

"சில்லு இறுகிப் போச்சு."

அவள் கீழே விழுந்த துணியை எடுத்து உதறினாள். பிறகு கோபம் இல்லாமலே சொன்னாள், அதுதான் அவரை அதிகம் வருத்தியது.

"நீங்கள் நல்ல மனிசன் எண்டு பாதைக்கார நானா சொன்னவர். நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் நல்ல காரியத்துக்கெண்டு நீங்கள் கால் வைக்கேக்க என்ர வாசலில ஒப்பாரி விழுந்திட்டுது. அழுத வாசலில கலியாணம் கதைக்க ஏலாது. குறை நினையாதேயுங்கோ. ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ. இந்தக் கதை இதோட காணும்."

அவர் தலையாட்டினார். அவள் சொன்னது நியாயமில்லை என்று அவருக்குத் தோன்றவுமில்லை. அறையில் கட்டிலில் உடுப்புகளைப் பரப்பிவைத்து யோசித்த நேரமெல்லாம், கோட்டைத்தான் அவர் கழற்ற நினைத்தார். ஊர் பயந்தது கோட்டைக் கண்டு அல்ல என்பது இப்போது தெரிந்தது. எதை உடுத்தாலும் அந்தப் படலையில் வந்து நிற்பது அவர்தான்.

தேத்தண்ணிக்கு நிற்கவில்லை. சைக்கிளைத் திருப்பினார். ஊர் வழிவிட்டது. ஆட்கள் கலைந்து போனார்கள், ஒருவருக்கொருவர் கதைத்துக்கொண்டு, நாளைக்கும் சொல்லிச் சிரிக்க ஒரு கதை கிடைத்த உற்சாகத்தோடு.

"கொஞ்சம் நில்லுங்கோ."

கோணேஸ்வரி முற்றத்து மழைக்குள் இறங்கி வந்தாள். தலையில் ஒன்றும் போடவில்லை. கையில் ஒரு செம்பில் தண்ணீர். சைக்கிள் கைபிடியைப் பிடித்து, கொண்டையிலிருந்து ஊசி ஒன்றை உருவி, மணியின் இடுக்கைக் கிளறத் தொடங்கினாள். களி சிறு சிறு துண்டாய் வந்தது. செம்புத் தண்ணீரை ஊற்றினாள். மறுபடி கிளறினாள். அவர் மறு கைபிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இருவருக்கும் நடுவில் ஒரு மணியளவு தூரம் இருந்தது. விறாந்தையில் இலட்சுமி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். கூப்பிடவில்லை.

"நீங்கள் படலையில நிண்டு சிரிச்சனீங்கள்," என்றாள் கோணேஸ்வரி, குனிந்தபடியே. "ஒருத்தரும் வடிவாய்க் காணேல்லை. நான் கண்டனான்."

பிடித்த கைபிடியில் ஒட்டியிருந்த களியை அவர் நகத்தால் சுரண்டினார்.

"தையில தம்பி வருவான். அவன் உயிரோட வந்து இந்த வாசலில நிக்கேக்க, அம்மா இது அழுத வாசலெண்டு சொல்ல ஏலாது."

பெருவிரலால் மணியை அழுத்தினாள். முதலில் கரகரத்தது. பிறகு அடித்தது. மழைக்குள்ளும் தெளிவாய், விடாமல், அவர் அடிப்பதுபோலவே அடித்தாள். பக்கத்து வளவில் கதைத்துக்கொண்டு போனவர்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

"வரேக்க அந்தக் கோட்டையே போட்டுக்கொண்டு வாங்கோ," என்றாள். "வீணாய் நனையாதேயுங்கோ."

செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அவர் படலையைச் சாத்திவிட்டு றோட்டுக்கு வந்தார். தைக்கு இன்னும் ஒரு மாதத்துக்குமேல் கிடந்தது. அதற்குள் யோகராசா வேறு இடம் பார்த்திருக்கலாம். இலட்சுமியின் மனம் இன்னும் இறுகலாம். அவள் சொன்னது வாக்கா, போகிறவனுக்குச் சொல்லுகிற ஆறுதலா என்றும் தெரியவில்லை. செத்தவீடுகளில் ஆறுதல் சொல்லுகிறவர்களை அவர் நிறையப் பார்த்தவர். அவர்கள் இப்படிச் சொல்ல மாட்டார்கள். அல்லது இப்படித்தான் சொல்வார்களோ. நினைவு ஒரு பக்கமும் நிற்கவில்லை.

சில்லு இன்னும் உருளவில்லை. மதகுவரை நடக்கத்தான் வேண்டும். வந்த வழியில் முதல் படலையை அணுகியபோது, அங்கே நின்ற கிழவர் அவருடைய கால்களைப் பார்ப்பதைக் கண்டார். பாக்கியரத்தினம் மணியில் விரலை வைத்தார். அடித்தார்.

நடந்துகொண்டே அடித்தார். அத்தனை வருஷத்தில் அவர் ஒருநாளும் செய்யாதது. கிழவர் பயப்படுவதற்குக் கையைத் தூக்கி, பிறகு ஆறுதல்படுவதற்கு இறக்கி, இரண்டுக்கும் நடுவில் நிறுத்திவிட்டார். அடுத்த வீட்டிலும் அப்படியே வந்து நின்று பார்த்தார்கள். வெள்ளை வேட்டி சேற்றில் இழுபட, மழை தலையில் பெய்ய, தந்திக்காரர் சைக்கிளை இழுத்துக்கொண்டு மணியடித்துப் போகிறார். அது யாருக்கு வந்த என்ன செய்தி என்று ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. மணியை மட்டும் நிறுத்தவில்லை.